கோணல் கூடம்

ஆகஸ்ட் 1, 1984. புதன்

காலையில் மழை. பெக்டரி பஸ் தாமதம். சுங்கை சோவில் ஏறிய பெண்கள் எல்லாரும் தொப்பலாக நனைந்திருந்தார்கள். ராவாங் போய்ச் சேர்ந்தால் சூப்பர்வைசர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு நிற்கிறாள். மழையை நாங்கள்தான் கூட்டி வந்தோம் என்பது போல.

நாள் முழுக்கச் சின்னக் கம்பிகளை வளைத்துப் பலகையில் சொருகும் வேலை. கை ஒரு பக்கம், மனசு B-2வில்.

(B-2 என்றால் நம்பர் ஒன் காசெட்டின் B பக்கம், இரண்டாவது பாட்டு. பிற்பாடு படிக்கும்போது எனக்கே மறந்துவிடும்.)

மாலை ஒத்திகை, பாலர் பள்ளிக் கட்டடத்தில். அண்ணன் கிடார், டேவிட் பேஸ், பாலா டிரம்ஸ், நான் பாட்டு. பேண்டின் பெயர் ஸ்டார் பாய்ஸ். நான் எந்த பாய் என்று கேட்டால் அண்ணனுக்குக் கோபம் வரும்.

உச்சி இன்றும் வரவில்லை. அந்த அமெரிக்கப் பெண் கீழே இருந்து ஏறி ஏறிப் போய் ஓர் இடத்தில் அசையாமல் நிற்பாளே, அந்த இடம். என்னிடமிருந்து வந்தது கழுத்தைப் பிடித்த கோழியின் சத்தம். பாலா குச்சியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தான். சிரிக்கட்டும். அவனுக்கென்ன, டிரம்முக்குத் தொண்டையா கட்டும்?

ஆகஸ்ட் 2. வியாழன்

வெயில். துவைத்த சீருடை காய்ந்தது, அதுவே பெரிய விஷயம்.

இருபத்தைந்தாம் தேதி கோலாலம்பூரில் ஒரு ஹோட்டலில் ஆடிஷன். லவுஞ்சில் வார இறுதியில் வாசிக்க ஆள் தேடுகிறார்கள். நம்பர் ஒன்னில் இருக்கும் ஆல்பம் தெரிந்திருக்க வேண்டுமாம். ஊரெல்லாம் அதுதானே இப்போது. பெக்டரி கேண்டீனில் அது, முடி வெட்டும் கடையில் அது, செகிஞ்சானுக்கு நெல் ஏற்றப் போகும் பாலாவின் லோரியில் அது.

கிடைத்தால் இந்தக் கம்பி வளைக்கிற பிழைப்பை விட்டுவிடுவேன். எழுதும்போதே கால் நிலையில் இல்லை. அந்தப் பாட்டுகள் அப்படி. அந்த ஆல்பத்துக்காரன் பேஸ் கிடாரை வாசிப்பதில்லை, அறைகிறான். எக்காளங்கள் நடுவில் புகுந்து வம்பு பண்ணுகின்றன. அப்புறம் அவள் வந்து எல்லாரையும் அடக்குகிறாள். எனக்கு அந்த இடத்தில் நிற்க வேண்டும். வேறு எதுவும் வேண்டாம்.

அம்மா சம்மதித்தது அண்ணன் கூட வருகிறான் என்பதால் மட்டும். "ஹோட்டல்ல பாடப் போறான்னு சொன்னா நாலு பேரு என்னா பேசுவாங்க? கணேசன் பக்கத்துல நிப்பான், அதனால உடறேன்."

ஆகஸ்ட் 4. சனி

தொண்டை கட்டிவிட்டது. இஞ்சி, மிளகு, பனங்கற்கண்டு. அம்மா எஸ்டேட் வெளிக்காட்டு வேலையிலிருந்து வந்து கால்கூடக் கழுவாமல் கஷாயம் வைத்தாள். வைத்துக்கொண்டே திட்டு. "பாட்டா படிக்கிற, பட்டி மாடு கத்துற மாதிரி கத்துற."

ஒத்திகையில் அண்ணன் டேவிட்டிடம் மெதுவாகச் சொன்னது என் காதில் விழுந்துவிட்டது. "கிள்ளான்ல ரோஸ்லின்னு ஒரு பிள்ள இருக்கு. சர்ச்சுல பாடுது. மேல நல்லா போவுதாம். ஒரு தடவ கேட்டுப் பாப்பமா?"

டேவிட் என்னைப் பார்த்தான். நான் மைக் வயரைச் சுற்றுவதில் மும்முரமாக இருப்பதுபோல் இருந்தேன்.

வீட்டுக்கு வந்து சோறு இறங்கவில்லை. கூடப் பிறந்தவன்தான். நேராக என்னிடம் சொன்னால் என்ன, வாய் வெந்தா போகும்?

ஆகஸ்ட் 5. ஞாயிறு

வெந்நீரில் உப்புப் போட்டுக் கொப்பளித்தேன். காசெட்டோடு சேர்ந்து பாடிப் பார்த்தேன். பக்கத்து வீட்டு நாய் ஊளையிட்டது. அதற்கும் ரோஸ்லினைத் தெரியும் போல.

காசெட் அட்டையை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். குவாலா சிலாங்கூர் இரவுச் சந்தையில், பாசார் மாலாமில், வாங்கிய கள்ளப் பதிவு. அட்டை நகலெடுத்தது. அவளுடைய பேண்டின் ஒன்பது பேரும் கறுப்பு மசியாகத் தெரிகிறார்கள், அவள் எது என்றே தெரியவில்லை. பல் மட்டும் தெரிகிறது. இவ்வளவு உயரத்தில் நின்று சிரிக்கவும் முடிகிறதே என்று வயிறு எரிந்தது.

ஆகஸ்ட் 7. செவ்வாய்

இன்று ஒரு விஷயம்.

சாப்பாட்டுக்கு முன்னால் பெக்டரி ரேடியோவில் B-2. வழக்கம்போல் கூடவே முனகினேன். உச்சி வரும்போது தன்னால் வாய் திறந்துவிட்டது. வந்தது! நின்றது! மூச்சு மீதம் இருந்தது!

பக்கத்தில் உட்காரும் சுசிலா கம்பியைக் கீழே போட்டுவிட்டாள். "அடியே, தொண்டைக்குள்ள ஸ்பீக்கரா வச்சிருக்க?"

சூப்பர்வைசர் வந்தாள். திட்டு விழுந்தது. ஒன்றும் உறைக்கவில்லை.

பஸ்ஸில் வரும்போது யோசனை. கஷாயம் வேலை செய்துவிட்டதோ? வீட்டுக்கு வந்ததும் காசெட்டைப் போட்டேன். பாடினேன். கோழி.

அப்படியென்றால் தொண்டை அதேதான். பாட்டுதான் வேறு.

ஆகஸ்ட் 8. புதன்

பெக்டரி ரேடியோவில் மறுபடியும், இந்த முறை A பக்கம் முதல் பாட்டு. கவனமாகக் கேட்டேன். நம் காசெட்டில் ஓடுகிற மாதிரி இல்லை. நடக்கிறது. இடுப்பை ஆட்டிக்கொண்டு, அவசரமில்லாமல்.

அண்ணனிடம் சொன்னேன். காசெட் வேகமாக ஓடுகிறது, பதிவு செய்தவன் மெஷின் சரியில்லை, அதனால் சுருதி ஏறிக் கிடக்கிறது, நாம் எல்லாரும் அதை நம்பி உட்கார்ந்திருக்கிறோம்.

அண்ணன் கிடாரைத் துடைத்துக்கொண்டே சொன்னான். "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்."

பாலா விழுந்து விழுந்து சிரித்தான். எனக்கு அழுகை முட்டியது. அழவில்லை. ரேடியோவோடு கிடாரை வாசித்துப் பார், தெரியும் என்றேன்.

"வெயிலுக்கு கிடாரு கம்பி எறங்கும், மழைக்கு ஏறும். அத வச்சி என்னா கண்டுபிடிப்ப? ரேடியோக்காரன் மெதுவா போடுறான் லா."

ரேடியோக்காரன் மெதுவாகப் போடுகிறானாம்! நாடு முழுக்க மெதுவாம், எங்கள் பாசார் மாலாம் காசெட் மட்டும் சரியாம்.

ஆகஸ்ட் 10. வெள்ளி

கோயிலில் பெண்கள் பஜனை. ஆடி வெள்ளி என்பதால் நல்ல கூட்டம், கூழ் ஊற்றினார்கள். பாக்கியம் அக்காதான் ஆர்மோனியம். பெக்டரி கேண்டீனில் எங்களுக்கு மீ கோரேங் நூடுல்ஸ் போட்டுத் தரும் அதே பாக்கியம் அக்கா. வெள்ளிக்கிழமை மட்டும் திருநீறு பூசிக்கொண்டு வேறு ஆளாகிவிடுவாள்.

அவள் பெட்டியைத் திறந்து ஒரு கட்டையை அழுத்திப் பிடித்தபோது சட்டென்று தோன்றியது. இது வெயிலுக்கு இறங்காது. மழைக்கு ஏறாது.

முடிந்ததும் கேட்டேன். பெட்டியை ஞாயிறு மதியம் எங்கள் வீட்டுக்கு எடுத்துப் போகலாமா? ரேடியோவில் டாப் டென் வரும் நேரம். கடைசியில் நம்பர் ஒன் ஆல்பத்திலிருந்து ஒரு பாட்டுப் போடுவான்.

"அம்மன் பெட்டி. கோயில உட்டு வெளிய போவாது."

அப்படியென்றால் ரேடியோவை இங்கே கொண்டுவருகிறோம்.

அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "கொண்டா. ஆனா ஒருத்தரும் கவிச்சி சாப்ட்டுட்டு வரக் கூடாது. சொல்லிட்டேன்."

ஞாயிற்றுக்கிழமை. தோட்டத்து வீடுகள் முழுக்கக் கோழிக்கறி. போச்சுடா.

ஆகஸ்ட் 11. சனி

அண்ணனை இழுத்துச் சம்மதிக்க வைத்ததற்குத் தனிப் பரிசு தர வேண்டும் எனக்கு. கடைசியில் சொன்னேன்: "பெட்டி காசெட்டுதான் சரின்னு சொல்லிட்டா நானே ரோஸ்லினுக்கு மைக்க குடுத்துடறேன்."

முகம் மாறியது. எனக்குத் தெரியும் என்பது அதுவரை அவனுக்குத் தெரியாது.

சொல்லிவிட்டேன். பெட்டி அப்படிச் சொல்லிவிட்டால்?

ஆகஸ்ட் 12. ஞாயிறு

எல்லாவற்றையும் எழுத வேண்டும். மனசு வேகத்துக்குக் கை ஓடவில்லை.

அம்மா கோழிப் பிரட்டல் வைத்துவிட்டாள். சொல்லியும் கேட்கவில்லை. வீடு மணக்கிறது. அண்ணனும் நானும் மோர்ச் சோறு, ஊறுகாய். அண்ணன் சட்டியைப் பார்த்த பார்வையை நான் மறக்கமாட்டேன். டேவிட் கிறிஸ்துவன் என்றாலும் ரொட்டி மட்டும் சாப்பிட்டு வந்தான். பாலாதான் கெடுத்தான். கம்போங் குவாந்தானில் யாரோ வீட்டு விருந்தில் வெளுத்துக் கட்டிவிட்டு ஏப்பத்தோடு வந்து நிற்கிறான்.

பாக்கியம் அக்கா விரலை நீட்டினாள். "கேட்டுக்கு வெளிய."

பாலா வெளியே. கம்பிக் கதவைப் பிடித்துக்கொண்டு கைதி மாதிரி.

மண்டபத்தில் ஒரு பக்கம் ரேடியோ, ஒரு பக்கம் காசெட் பிளேயர், நடுவில் ஆர்மோனியம். ரேடியோ கரகரத்தது. டேவிட் ஏரியலை மணிக்கம்பத்தோடு சேர்த்துப் பிடித்ததும் தெளிந்தது. உள்ளே படுத்திருந்த பூசாரி எழுந்து வந்து, "என்னாப்பா விசேஷம்?" என்றார். கேட்டுக்கொண்டே அவரும் உட்கார்ந்துவிட்டார்.

பத்து, ஒன்பது, எட்டு. ஒவ்வொன்றும் ஒரு யுகம். நம்பர் டூவில் வேறு ஆல்பம் என்று தெரிந்ததும்தான் மூச்சு வந்தது. இன்னும் நம்மவள்தான் மேலே.

போட்டது B-2வேதான்.

பாக்கியம் அக்கா கண்ணை மூடிக்கொண்டு ஒரு கட்டை தொட்டாள், விட்டாள், அடுத்ததைத் தொட்டாள். அப்படியே பிடித்துக்கொண்டாள். அமெரிக்காவும் அம்மன் கோயில் பெட்டியும் ஒரே சத்தமாக ஒட்டிக்கொண்டன. உடம்பு சிலிர்த்துவிட்டது.

"அஞ்சு கட்ட," என்றாள் அக்கா. "நம்ம வெள்ளிக்கெழம பாடறமே, அதே சுருதி."

பிறகு காசெட். அக்கா தொட்டாள். ஐந்தரையில் வைத்தால் பாட்டு மேலே நின்றது. ஆறில் வைத்தால் பாட்டு கீழே நின்றது. திரும்பத் திரும்ப மாற்றிப் பார்த்துவிட்டுக் கையை எடுத்தாள். "இது எதுலயும் குந்தலயே. ரெண்டுக்கும் நடுவுல தொங்குது."

அண்ணன் விடவில்லை. "பிளேயர் கோளாறா இருக்கும்க்கா."

அக்கா தன் பஜனைக் காசெட்டை அதே பிளேயரில் போட்டாள். தொட்ட முதல் கட்டையிலேயே ஒட்டியது.

அண்ணன் தலையைக் குனிந்துகொண்டான். வெளியிலிருந்து பாலா கத்தினான். "அப்ப இத்தன நாளு நாம ஊரு ஒலகத்துல இல்லாத சுருதிலயா வாசிச்சோம்?"

ஆமாம். கிடார்களுக்கெல்லாம் அந்தக் காசெட்டைக் கேட்டுத்தான் சுருதி கட்டினோம். எல்லாரும் சேர்ந்து தவறாக இருந்ததால் யாருக்கும் தவறாகத் தெரியவில்லை. என் தொண்டை ஒன்றுதான் முரண்டு பிடித்தது.

பழமொழியைத் திருப்பிக் கொடுக்கும் ஆசை நாக்கு நுனிவரை வந்தது. அம்மன் முன்னால் வேண்டாம் என்று விட்டேன். கேட்டைத் தாண்டியதும் சொன்னேன்.

ஆகஸ்ட் 15. புதன்

கிடார்கள் இறங்கிவிட்டன. ஐந்து கட்டை. உச்சி வந்தது. மறுபடி கேட்டார்கள், மறுபடி வந்தது. டேவிட் கைதட்டினான்.

ரோஸ்லின் பேச்சு இல்லை. அண்ணனும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. எனக்கு அவன் ஒரு வார்த்தை சொன்னால் போதும். "நீ சொன்னது சரி." மூன்றே சொல். கிடாரைத் துடைக்கிறான், துடைக்கிறான், தேய்ந்து போகும்வரை துடைப்பான்.

பிரச்சனை பாலா. கை வேகத்துக்குப் பழகிவிட்டது. மெதுவாக ஆரம்பிக்கிறான், பாதியில் பழைய ஓட்டம். "எனக்கே தெரியாம ஓடுது," என்கிறான்.

ஆகஸ்ட் 20. திங்கள்

தலைவலி. எதிலும் இருப்புக் கொள்ளவில்லை. பெக்டரியில் பலகையைத் தலைகீழாகச் சொருகி இரண்டு தடவை திட்டு.

அம்மா எனக்காக நீலப் புடவைக்கு ஓரம் அடித்து வைத்திருக்கிறாள். அந்தப் பாட்டுக்குப் புடவையா? சொன்னால் மனசு உடைந்துவிடும். சுசிலாவின் கறுப்புக் கால்சட்டை கேட்டு வைத்திருக்கிறேன்.

வாங்க: ஹேர்பின், விக்ஸ் மிட்டாய், அண்ணனுக்குக் கிடார் கம்பி.

ஆகஸ்ட் 25. சனி

பாலாவின் லோரியில்தான் போனோம். நெல் தூசி. இறங்கியதும் எல்லாருக்கும் தும்மல்.

கடைசியில் புடவைதான். அம்மா வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள், வேறு வழியில்லை. ஹோட்டல் குளிர்சாதனத்தில் அது நல்லதாகப் போயிற்று.

லவுஞ்சு எங்கள் கோயில் மண்டபத்தைவிடச் சின்னது. மேனேஜர் சீனர், மூக்குக் கண்ணாடி, பேசாதவர். மூன்று பாட்டு. முதல் இரண்டும் சுமார். B-2வில் பாலா ஓட ஆரம்பித்துவிட்டான். டேவிட் அவனைப் பிடிக்க ஓட, அண்ணன் டேவிட்டைப் பிடிக்க ஓட, நான் திரும்பிப் பார்க்கவில்லை. ரேடியோவில் கேட்ட நடையிலேயே போனேன். உச்சியில் நின்றேன். கோப்பை துடைத்துக்கொண்டிருந்த ஆள் துடைப்பதை நிறுத்தினான். நான் பார்த்தேன்.

மேனேஜர் ஆங்கிலத்தில் கேட்டார், உங்கள் டிரம்மருக்கு ஏதாவது பஸ்ஸைப் பிடிக்க வேண்டுமா என்று. பாலா புரியாமல், "யெஸ் சார்," என்றான்.

பிறகு என்னை மட்டும் கூப்பிட்டார். அவர்களிடம் வாசிக்கிறவர்கள் இருக்கிறார்களாம். பாடுகிறவள்தான் வேண்டுமாம். அடுத்த சனியிலிருந்து.

"என் அண்ணன்?" என்று கேட்டேன்.

மேனேஜர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். 

திரும்ப லோரி. அண்ணன் மடியில் கிடார்.

ஆகஸ்ட் 26. ஞாயிறு

கோழிக்கறி. யாருக்கும் ருசிக்கவில்லை.

அம்மா ஒரே பேச்சில் முடித்துவிட்டாள். "கணேசன் இல்லாம நீ மட்டுமா? முடியாது. பொம்பள பிள்ள தனியா ஹோட்டல்ல நின்னு பாடறதா? பெக்டரிக்குப் போ, பேசாம இரு."

கோலாலம்பூரிலேயே செந்தூலில் சித்தி வீட்டில் தங்கிக்கொள்கிறேன், சித்தி வந்து கூட உட்காரட்டும் என்றேன். காதில் வாங்கவில்லை.

அண்ணன் ஒரு வார்த்தை சொன்னால் அம்மா கேட்பாள். அது மூன்று பேருக்கும் தெரியும். அவன் எழுந்து பின்பக்கம் போய் டாப் டென் கேட்டான். நம் ஆல்பம் மூன்றாம் இடத்துக்கு இறங்கிவிட்டது.

ஆகஸ்ட் 28. செவ்வாய்

அண்ணன் இன்னும் வாய் திறக்கவில்லை.

எனக்கு வெறி வருகிறது. பாவமாகவும் இருக்கிறது. இந்த பேண்டை அவன்தான் கட்டினான். எண்ணெய் ஆலையில் ஓவர்டைம் பார்த்துப் பார்த்து வாங்கிய ஆம்ப்ளிஃபயர். என்னை மேடையில் ஏற்றியவனும் அவன், இறக்கப் பார்த்தவனும் அவன். எதற்காகக் கோபப்படுவது, எதற்காக அழுவது என்று தெரியாமல் இரண்டு தடவை வாசல் கூட்டினேன்.

சுசிலா கால்சட்டையைத் திருப்பிக் கேட்டாள். இன்னும் கொடுக்கவில்லை.

ஆகஸ்ட் 30. வியாழன்

நாளை மெர்டேக்கா, சுதந்திர தின விடுமுறை. வேலையை மேற்பார்க்கும் மண்டோர் வீட்டில் கொடி கட்டியிருக்கிறார்கள். தூறல்.

மாலை சாப்பிடும்போது அண்ணன் தட்டைப் பார்த்துக்கொண்டே பேசினான்.

"ம்மா, இவ தொண்டைய ஒரு மாசமா நான்தான் கெடுத்தேன். காசெட் தப்புன்னு வந்து சொன்னா, நான் சிரிச்சேன். இனிமே கெடுக்க நான் பக்கத்துல இல்ல. நல்லதுதான். போவட்டும்."

அம்மா அகப்பையைச் சட்டிக்குள் போட்டாள்.  பிறகு, "சித்தி வாசல்ல நின்னு கூட்டிக்கிட்டுப் போவணும். ஒவ்வொரு தடவையும்," என்றாள்.

நான் அண்ணனைப் பார்த்தேன். அவன் பார்க்கவில்லை. கை கழுவப் போனவன் பின்னாலேயே போய், அழுகையை மறைக்க ஏதாவது சொல்ல வேண்டும் என்பதற்காகச் சொன்னேன்: "ரோஸ்லினுக்கு ஆள் அனுப்பு."

"ஞாயித்துக்கெழமயே அனுப்பிட்டேன்," என்றான்.

ஞாயிற்றுக்கிழமையே. அம்மா முடியாது என்ற அன்றே. அப்படியானால் அவன் அன்றைக்கே என்னை அனுப்ப முடிவு செய்துவிட்டானா, இல்லை ஒருநாள்கூட என் இடத்தைக் காலியாக வைத்திருக்க மனசில்லையா? கேட்கவில்லை. கேட்டால் கிடாரைத் துடைப்பான்.

செப்டம்பர் 1. சனி

பஸ்ஸில் எழுதுகிறேன். எழுத்து ஆடுகிறது.

வெயில். அம்மா திருநீறு வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். கைப்பை, நீலப் புடவை, சுசிலாவின் கால்சட்டை (எனக்கே கொடுத்துவிட்டாள், "பேர் வாங்கினா நான்தான் குடுத்தேன்னு சொல்லு" என்றாள்).

பஸ் நிற்கும் இடத்திலிருந்து பாலர் பள்ளிக் கட்டடம் தெரியும். ஸ்டார் பாய்ஸ் ஒத்திகை. புதுக் குரல். B-2.

முதல் அடியிலேயே தெரிந்துவிட்டது. ஐந்து கட்டை இல்லை. மறுபடியும் காசெட்டுக்கே ஏறிப் போய்விட்டார்கள். பாலா கையும் நிற்காது, அண்ணன் பிடிவாதமும் நிற்காது. கோணல் கூடத்திலேயே ஆடட்டும் என்று நினைத்தேன். சிரிப்பு வந்தது. 

ரோஸ்லின் நன்றாகத்தான் ஏறினாள். என் வாய் தன்பாட்டில் கூடவே ஏறியது. ரோட்டோரத்தில், பையைக் காலிடுக்கில் வைத்துக்கொண்டு. இன்னும் மேலே, இன்னும் மேலே, அந்த எந்தக் கட்டையிலும் குந்தாத இடம் வந்தது. நின்றேன். ஒரு மாதம் வராதது வந்து நின்றது. அவளுக்கும் வந்திருக்கும். எனக்கு என் குரல்தான் கேட்டது.

கட்டடத்தில் கிடார் சட்டென்று நின்றது. ஜன்னலில் அண்ணன் தலை.

அதற்குள் பஸ். கண்டக்டர் தொங்கிக்கொண்டே கேட்டான், ஏறுகிறாயா, இல்லை பாடிக்கொண்டே நிற்கப் போகிறாயா என்று.

ஏறிவிட்டேன்.